மூன்று அங்குலம் இறங்கினால் என்ன?

இரண்டாம் ஆண்டு டி.எம்.இ. மாணவி



நம்ம கல்லூரி வண்டி ஸ்டாண்டு பக்கம் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். "உன் வண்டிய எத்தனை இஞ்ச் எறக்கியிருக்கே?", "பின்னாடி ஷாக்க மாத்திட்டேன்டா, முன்னாடி ஃபோர்க்க மேல தள்ளி விட்டுட்டேன்" என்று பேச்சு காதில் விழும். வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினால் பார்க்கக் கெத்தாக இருக்கும் என்பது நம் ஆட்களின் எண்ணம். அவர்களைத் திட்டுவதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. வண்டியின் உயரத்தைக் குறைப்பது ஒரு நல்ல என்ஜினீயரிங் வேலைதான். ஆனால் அந்த வேலை யாருக்கு நிஜமாகவே தேவையோ, அவர்களுடைய வண்டியை நம்மில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் சொல்வது மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை. பெருந்துறை பஸ் ஸ்டாண்டு, சென்னிமலை ரோடு, ஈரோடு ரோடு என்று எங்கே பார்த்தாலும் இந்த வண்டியைப் பார்க்கலாம். சாதாரண ஸ்கூட்டர்தான். அதன் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு இரும்புச் சட்டத்தில் ஆளுக்கொரு சக்கரம், அதற்கு ஷாக் அப்சார்பர். இந்த முழு செட்டையும் 'கிட்' என்கிறார்கள். வண்டி நின்றாலும் சாயாது, காலை ஊன்ற வேண்டியதில்லை. இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த வண்டியைத் தமிழக அரசு இலவசமாகவே வழங்கி வருகிறது. சொந்தக் காசில் ஸ்கூட்டர் வாங்கிக் கிட் மாட்டிக் கொள்கிறவர்களும் நிறைய உண்டு. கால் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் முடங்கிக் கிடந்த எத்தனையோ பேரை வேலைக்கு அனுப்பிய வண்டி இது. அதற்கு முதலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அதன் குறையைப் பேசுகிறேன்.

குறை ஒன்றே ஒன்று. உயரம்!

ஏறுகிற உயரம்

எங்க அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, தையல்காரர். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. சீட்டு எடுத்து, பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கிட் மாட்டி ஓட்டுகிறார். எந்தப் பட்டறை, என்ன கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஏனென்றால் இது ஒரு பட்டறையின் குறை இல்லை. எல்லோரும் ஒரே மாதிரிதான் மாட்டுகிறார்கள்.

ஒரு நாள் டேப் எடுத்து அளந்தேன். மாமாவின் சக்கர நாற்காலி இருக்கை தரையிலிருந்து 19 அங்குலம். ஸ்கூட்டர் இருக்கை 30 அங்குலம். இடையில் 11 அங்குலம். அதாவது, காலின் உதவி கொஞ்சமும் இல்லாமல், இரண்டு கையை ஊன்றி, 60 கிலோ உடம்பை ஒரு சாண் உயரத்துக்கும் மேலே தூக்கிப் பக்கவாட்டில் போட வேண்டும். நம்மில் ஜிம்முக்குப் போகும் சிங்கங்கள் ஒரு தடவை முயன்று பார்க்கலாம். கால் தரையில் படக்கூடாது, அதுதான் நிபந்தனை!

"ஏறி உக்காந்துட்டா ராஜாவாட்டம் போயிருவேன் அம்மிணி. அந்த ஏற்றதுக்குத்தான் ஆளு வேணுமாக்கும்" என்பார் மாமா. வீட்டில் அம்மாவோ நானோ பிடித்துவிடுவோம். கடையில் பக்கத்துக் கடைக்காரர் பிடித்துவிடுவார். வேறெங்கும் அவர் இறங்குவதில்லை. துணி எடுக்க ஈரோடு போனால் வண்டியில் உட்கார்ந்தபடியே துணி பார்ப்பார், காசு கொடுப்பார், திரும்பி வருவார். அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் இறங்க வேண்டி வரும். இறங்கினால் தெரியாத ஆளைக் கூப்பிட்டு "கொஞ்சம் தூக்கி விடுங்க" என்று கேட்க வேண்டி வரும். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு வீடு வந்து சேருவார். வண்டி ஓடுகிறது, மனிதன் சுதந்திரமாகிவிட்டான் என்று நாம் நினைக்கிறோம். பாதி சுதந்திரம் அந்தப் பதினோரு அங்குலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

உயரம் சமமாக இருந்தால் இடம் மாறுவது சுலபம், ஏற்றம் கூடக் கூடத் தோள்பட்டை தேயும். வருஷக்கணக்கில் கையை ஊன்றியே வாழ்கிறவர்களுக்குத் தோள்வலி வருவது சகஜம். தோளும் போய்விட்டால் அவர்களுக்கு மிச்சம் என்ன? அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதியில் கழிப்பறை இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியின் உயரத்தோடு அது ஒத்துப் போகிறது. கழிப்பறைக்குக் கூட மனிதனை அளந்து உயரம் வைக்கிறார்கள். தினமும் ஏறி இறங்கும் வண்டிக்கு நாம் அளந்து பார்த்தோமா?

சிலர் சொல்லலாம்: "போலியோவைத்தான் ஒழிச்சாச்சே, இனி யாருக்கு இந்த வண்டி?" உண்மைதான். 1995ல் பல்ஸ் போலியோ ஆரம்பித்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் இயற்கைப் போலியோ யாருக்கும் வரவில்லை. 2014 மார்ச் 27ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் கொடுத்துவிட்டது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் இன்று நடுத்தர வயதில், குடும்பம் குட்டியோடு, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அது மட்டுமல்ல. நம் ஊரை ஒட்டி ஓடும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் விபத்து என்ன குறைந்தா போயிற்று? தென்னை மரத்திலிருந்து விழுகிறவர்கள், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுகிறவர்கள் என்று முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் புதிது புதிதாக வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இந்த வண்டிக்குத் தேவை குறையாது.

பனி நாட்டுக்காரன் செய்கிறான்

பனி பெய்யும் நாடுகளில் ஒரு விளையாட்டு உண்டு. சாதாரண மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒரு சறுக்குக் கட்டையை மாட்டுவார்கள். பின்சக்கரத்துக்குப் பதில் டாங்கிக்கு இருப்பது போல ஒரு ரப்பர் பட்டையை மாட்டுவார்கள். பனிமேல் வண்டி பறக்கும். இதற்கும் கிட் விற்கிறார்கள். டிம்பர்ஸ்லெட் என்ற கம்பெனி இதில் பேர் பெற்றது. அதை 2015ல் போலாரிஸ் என்ற பெரிய கம்பெனி வாங்கியது. இந்தக் கிட்டை மாட்டினால் ஏற்கெனவே உயரமான வண்டி இன்னும் உயரமாகிவிடும். குட்டையான ஆட்களுக்குக் கால் எட்டாது. உடனே அவர்கள் என்ன செய்கிறார்கள்? நீளம் குறைந்த ஷாக், வேறு அளவில் லிங்க் என்று போட்டு இறக்கிக் கொள்கிறார்கள். முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு, இறக்கினால் ஸ்டியரிங் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

விளையாட்டு வண்டிக்கு இவ்வளவு அக்கறை. வயிற்றுப் பிழைப்புக்கு ஓட்டும் வண்டிக்கு? மாமாவின் வண்டியும் கிட் மாட்டிய வண்டிதான். அதே பிரச்சினைதான், அதே என்ஜினீயரிங்தான். அங்கே செய்வதை இங்கே செய்ய என்ன தடை?

வெல்டிங் வைப்பதற்கு முன் கணக்கு

"இதுக்கென்னங்க, ரெண்டு இஞ்ச் வெட்டி வெல்டிங் வெச்சுட்டாப் போச்சு" என்று கிளம்பிவிடக் கூடாது. பக்கத்து ஊரில் ஒருவர் அப்படித்தான் ஸ்கூட்டரின் பின்ஷாக்கை மட்டும் குட்டையாக மாற்றினார். இருக்கை இறங்கியது. ஆனால் மழை பெய்த அன்று மண்ரோட்டு மேட்டில் பின்சக்கரம் சும்மா சுற்றியது, வண்டி ஏறவில்லை. காரணம் என்ன? நமக்கு மெக்கானிக்ஸ் பாடத்தில் வந்ததுதான். இந்த வண்டியில் பின்பக்கம் மூன்று சக்கரம் ஒரே வரிசையில் இருக்கின்றன. நடுவில் என்ஜின் சுற்றும் சக்கரம், இரண்டு ஓரத்தில் சும்மா உருளும் சக்கரம். யார் எவ்வளவு பாரம் தாங்குவது என்பதை அந்தந்த ஸ்பிரிங்கின் உயரமும் விறைப்பும்தான் தீர்மானிக்கும். நடுச்சக்கரத்தின் ஷாக்கை மட்டும் குறைத்தால் பாரம் முழுக்க ஓரச் சக்கரங்களுக்குப் போய்விடும். நடுச்சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் போய்விடும். ஸ்கூட்டரின் பின் பிரேக்கும் அந்த நடுச்சக்கரத்தில்தான். ஆக, பிரேக்கும் பிடிக்காது!

மாறாக, ஓரச் சக்கரங்களை மட்டும் மேலே ஏற்றினால் வண்டி தொட்டில் போல இரண்டு பக்கமும் ஆடும். எனவே முதல் விதி: நடுவில் எவ்வளவு குறைக்கிறோமோ, ஓரச் சக்கரத்தின் அச்சை அதே அளவு சட்டத்தில் மேலே ஏற்ற வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஓட்டுகிறவரை உட்கார வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் எடை மிஷின் வைத்து, மற்ற சக்கரங்களுக்கு அதே உயரத்தில் பலகை கொடுத்து, பாரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் மண்டியில் மூட்டைக்கு மூட்டை எடை பார்க்கிற ஊர் நம்முடையது. ஒரு மனிதன் உட்காரும் வண்டிக்கு எடை பார்க்க மாட்டோமா?

இரண்டாவது, பின்னால் 2 அங்குலம் இறக்கினால் இருக்கையும் 2 அங்குலம் இறங்கும் என்று நினைக்காதீர்கள். இருக்கை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில், பின்பக்கம் தள்ளி, சுமார் முக்கால் தூரத்தில் இருக்கிறது. ஆகவே இருக்கையில் கிடைப்பது ஒன்றரை அங்குலம்தான். மீதி ஒன்றரை அங்குலத்தை இருக்கையின் பஞ்சிலும் அடித்தட்டிலும் குறைக்கலாம். மொத்தம் மூன்று. ஆனால் பஞ்சைச் சும்மா அரிந்து எறிந்துவிடக் கூடாது. போலியோ வந்தவருக்கு உணர்ச்சி இருக்கும், வலித்தால் நகர்ந்து உட்காருவார். முதுகுத்தண்டு அடிபட்டவருக்குக் கீழே உணர்ச்சியே இருக்காது. கெட்டியான இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து புண் வந்தாலும் தெரியாது. அது பல மாதம் படுக்கையில் போடும் புண். ஆகவே உயரம் குறைந்தாலும் மெத்தை போலத் தாங்கும் நல்ல ரகப் பஞ்சாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பின்னால் மட்டும் இறக்கினால் வண்டி மூக்கைத் தூக்கும். வீல்பேஸ் 1250 மில்லிமீட்டர் என்று வைத்தால், பின்னால் 50 மில்லிமீட்டர் இறங்கும்போது வண்டி சுமார் 2.3 டிகிரி பின்னால் சாயும். ஹேண்டில் அச்சும் அந்த அளவு சாயும், டிரெயில் கூடும், ஹேண்டில் கனக்கும். மோட்டார் சைக்கிளில் ஃபோர்க்கைக் கிளாம்ப்பில் மேலே தள்ளிச் சரி செய்துவிடுகிறோம். ஸ்கூட்டரில் அதற்கு இடம் குறைவு. ஆகவே இரண்டு அங்குலத்துக்கு மேலே பின்னால் இறக்க ஆசைப்படாமல் இருப்பதே நல்லது. பேராசை பெருநஷ்டம்!

இறக்கினால் கவிழாதா, இடிக்காதா?

இரண்டு கேள்வி வரும். இரண்டுக்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

கவிழுமா? இந்த வண்டி சாதாரண பைக் மாதிரி வளைவில் சாய்ந்து திரும்பாது. வளைவில் அது வெளிப்பக்கம்தான் கவிழப் பார்க்கும். முன்சக்கரம் தொடும் இடத்தையும் ஓரச் சக்கரம் தொடும் இடத்தையும் இணைக்கும் கோட்டைத் தாண்டினால் அவ்வளவுதான். ஓரச் சக்கரம் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர், புவியீர்ப்பு மையம் முன்சக்கரத்திலிருந்து 60 சதவீத தூரத்தில், உயரம் 60 சென்டிமீட்டர் என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டால், வண்டி 21.8 டிகிரி சாய்ந்தால் கவிழும். 6 மீட்டர் வளைவில் மணிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகம் தாண்டக் கூடாது. நாம் இறக்கியபின் மையம் 4 சென்டிமீட்டர் இறங்கி 56 ஆனால், 23.2 டிகிரி. வேகம் சுமார் 18. அதாவது இறக்கினால் கவிழ்வது கூடாது, கொஞ்சம் குறையவே செய்கிறது. "அப்போ வேகமாப் போலாமா?" என்றால் கூடாது! கிடைத்த லாபம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நாம் இறக்குவது ஏறுவதற்காக, ஓட்டத்துக்காக இல்லை.

இடிக்குமா? இதுதான் எனக்கே ஆச்சரியம் தந்த கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் இருக்க வேண்டும். அந்த வளைவின்மேல் 1.25 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டி நிற்கும்போது, சக்கரங்களுக்கு நடுவில் மேடு எவ்வளவு எழும்பும்? நாணின் நீளத்தை வர்க்கித்து ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். சுமார் 12 மில்லிமீட்டர்! அதாவது அரை அங்குலம். ஸ்கூட்டரின் அடிவயிறு தரையிலிருந்து 160 மில்லிமீட்டர் என்றால், பின்னால் 50 இறக்கிய பிறகும் நடுவில் சுமார் 135 இருக்கும். விதிப்படி போட்ட வேகத்தடையில் இடிக்கவே இடிக்காது.

அப்படியானால் எங்கே இடிக்கும்? ஒரு அடி அகலத்தில், செங்கல்லை நட்டு வைத்தாற்போல ஒவ்வொரு ஊரிலும் ஆள் ஆளுக்குப் போட்டு வைத்திருக்கிறார்களே, அங்கேதான் இடிக்கும். அந்த மேட்டில் இறக்காத வண்டியே தூக்கிப் போடும். கர்ப்பிணிப் பெண் போகும் ஆட்டோவும் அதில்தான் குதிக்கிறது. மேடு தப்பாக இருக்கிறது என்பதற்காக மனிதனை உயரத்தில் ஏற்றி வைப்பது என்ன நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியை மாற்றினால் போலீஸ் பிடிக்குமே என்பீர்கள். பிடிக்கத்தான் செய்யும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52ன்படி கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தில் பிரிவு 182ஏ சேர்க்கப்பட்டது. அனுமதியில்லாமல் மாற்றிய வண்டிச் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்டாண்டில் கெத்துக் காட்டும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளவும்.

ஆனால் அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பிரிவு 52ன் இரண்டாம் உட்பிரிவு: மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி வடிவமைக்கும் வண்டியாகத் தன் வண்டியை ஒருவர் மாற்றிக்கொள்ளலாம். விதிகளுக்கு உட்பட்டு இருக்க வேண்டும், மாற்றியபின் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும். பழைய சட்டத்தில் 'இன்வேலிட் கேரேஜ்' என்று மனசு நோகும்படி ஒரு பேர் இருந்தது. 2019ல் அதை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றினார்கள். அதாவது, மனிதனுக்கு ஏற்பத் தகவமைத்த வண்டி. பேரிலேயே வழி இருக்கிறது பாருங்கள். வண்டிக்கு ஏற்ப மனிதன் தன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை, மனிதனுக்கு ஏற்ப வண்டி இறங்கி வரலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஊருக்கு ஊர் வெல்டிங் பட்டறையில் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை இது. வரைபடத்தோடு, அளவோடு, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நிமிர்ந்து நடந்து போய்ச் செய்ய வேண்டிய வேலை.

நம்ம பங்கு என்ன?

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் அவர்களின் ஆய்வு மையத்திலிருந்து 'நியோமோஷன்' என்ற நிறுவனம் வந்தது. அவர்கள் செய்யும் சக்கர நாற்காலியை உபயோகிப்பவரின் உடம்பை அளந்து செய்கிறார்கள். அதோடு 'நியோபோல்ட்' என்று ஒரு மோட்டார் சக்கரமும் உண்டு. அதை நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டால் நாற்காலியே வண்டியாகிவிடும். வேறு இருக்கைக்கு ஏறவே வேண்டாம், 11 அங்குலப் பிரச்சினையே கிடையாது. எவ்வளவு அழகான சிந்தனை! ஆனால் எல்லோராலும் உடனே அதற்கு மாற முடியாது. அதன் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர்தான். சென்னிமலையிலிருந்து ஈரோடு போய் வருகிறவருக்கு ஸ்கூட்டர்தான் சரி. ஏற்கெனவே ரோட்டில் ஓடும் ஸ்கூட்டர்களைத் தூக்கி எறியவும் முடியாது. அவற்றை இறக்கித் தருவதற்கு ஐ.ஐ.டி. வர வேண்டுமா? டிப்ளமோ போதாதா?

போதும் என்பது என் கருத்து. நம் கொங்கு மண்ணில் ஜி.டி. நாயுடு அவர்கள், 1893ல் சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர், ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கி, பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிக் கற்றுக்கொண்டவர். 1945ல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்க உதவியவரும் அவரே. கையால் வேலை தெரிந்தவனுக்கு அவர் கொடுத்த மரியாதை நமக்குத் தெரியும். லேத்தும், வெல்டிங்கும், வெர்னியர் காலிப்பரும் நம் கையில் இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் நான். தாத்தா தறியில் கிடந்தார், அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறார். "மெக்கானிக்கல் படிச்சு என்னம்மா பண்ணுவே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது எனக்கு ஒரு பதில் வேண்டும். உங்களில் பல பேருக்கும் அந்தப் பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே மாணவர் பேரவைக்கும், சக மாணவர்களுக்கும், மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும் என் யோசனைகள் இவை:

முதலாவது, இறுதியாண்டு புராஜெக்ட்டில் ஒரு குழுவாவது இணைப்புச் சக்கரக் கிட்டின் உயரத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஓரச் சக்கரத்தின் அச்சை இரண்டு மூன்று உயரங்களில் மாட்டும்படி துளையிட்ட பிராக்கெட் ஒன்றை வரைந்து, பாரம் தாங்குமா என்று கணக்கிட்டு, செய்து காட்டட்டும். ஒரே கிட் உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் பொருந்தும். ஆண்டுதோறும் ஒரே தண்ணீர்த் தொட்டி அலாரத்தைப் பெயர் மாற்றி வைப்பதை விட இது மேல் இல்லையா?

இரண்டாவது, நாமே ரோட்டில் ஓடும் வண்டியில் கை வைத்துவிடக் கூடாது. நம் வரைபடத்தைக் கிட் செய்கிறவர்களிடம் கொண்டு போக வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்று வாகனச் சோதனை மையங்கள் உள்ளன. சோதனை முடிந்து, ஒப்புதல் வந்த பிறகே ஒரு உயிரை அதன்மேல் உட்கார வைக்க வேண்டும்.

மூன்றாவது, வண்டி கொடுக்கும் முகாம்களில் ஊனத்தின் சதவீதத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், "உங்க நாற்காலி எவ்வளவு உயரம்? யார் துணையும் இல்லாம ஏற முடியுதா?" என்ற இரண்டு கேள்வியையும் சேர்க்கச் சொல்லி நம் பேரவை மனுக் கொடுக்கலாம். திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். அளக்க ஆள் வேண்டுமென்றால் டேப்போடு நாம் போய் நிற்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 என்று ஒன்று இருக்கிறது. அதனால் இதைக் கருணை மனுவாக எழுத வேண்டியதில்லை, உரிமை மனுவாகவே எழுதலாம்.

நான்காவது, அது வரைக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு லைசென்சும் வேண்டாம், ஆர்.சி. புக்கும் வேண்டாம். 19க்கும் 30க்கும் நடுவில் 24 அங்குல உயரத்தில் ஒரு உறுதியான பெஞ்ச். நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கு ஐந்து அங்குலம், பெஞ்சிலிருந்து வண்டிக்கு ஆறு அங்குலம். ஒரே தாவலை இரண்டாகப் பிரித்தாயிற்று. மாமா கடை வாசலில் அப்படி ஒன்று போட்டிருக்கிறோம். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, மார்க்கெட், நம் கல்லூரி வாசல் என்று நாலு இடத்தில் போட்டால் எத்தனை பேர் தைரியமாக இறங்குவார்கள்! நம் ஒர்க்ஷாப்பில் கிடக்கும் ஆங்கிள் இரும்பு போதும், ஒரு சனிக்கிழமை போதும்.

நண்பர்களே! வண்டியை இறக்கத் தெரிந்த கைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. எவ்வளவு இறக்குவது என்று கணக்குப் போடத் தெரிந்த தலைகளும் இருக்கின்றன. யாருக்காக இறக்குவது என்பதை மட்டும் இந்த ஆண்டு முடிவு செய்வோம். ஒரு மனிதர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பயப்படாமல் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பட்டும். நாம் வாங்கப் போகும் டிப்ளமோவுக்கு அதைவிடப் பெரிய முத்திரை வேறென்ன வேண்டும்?

டேப்பை எடுங்கள், அளப்போம்!